மடை திறந்தால் படகு தரைதட்டும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் சில ஆண்டுகளாக ஒரு சிறு படகுத்துறை இருக்கிறது. மழைத் தண்ணீர் நிற்கும் மாதங்களில் நான்கைந்து மிதிபடகுகள் ஓடும். அதனால் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை. இப்போது அதைப் பெரிதாக்கி, கான்கிரீட் மேடை, இயந்திரப் படகுகள், கரையோர உணவகம், வண்டி நிறுத்துமிடம் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். வண்டி நிறுத்தக் குறித்திருப்பது கண்மாயின் உள்வாயில், அதாவது கரைக்கு உட்புறம் தண்ணீர் பரவி நிற்கும் இடத்தில், நாணலும் கருவேல மரங்களும் நிற்கும் சதுப்பான பகுதி. கார்த்திகை, மார்கழியில் நாரைகள் அங்கேதான் அடையும். "ஈரநிலச் சட்டம் இருக்கிறது, அனுமதி கிடைக்காது" என்று ஊரில் சிலர் தைரியமாக இருக்கிறார்கள். "எல்லா அனுமதியும் வாங்கியாயிற்று" என்று ஒப்பந்தக்காரர் தரப்பில் சொல்கிறார்கள். யாரை நம்புவது?
— காரைக்குடி வட்டத்து வாசகர் ஒருவர்

பதில்: ஐயா, உங்கள் ஊரார் நம்பியிருக்கும் சட்டம் உங்கள் கண்மாய்க்குப் பொருந்துமா என்பதே முதல் சந்தேகம். 2017ஆம் ஆண்டின் ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், எது ஈரநிலம் என்று வரையறுக்கும் இடத்திலேயே சிலவற்றை விலக்கிவிடுகின்றன: ஆற்றுப் போக்குகள், நெல்வயல்கள், குடிநீருக்கென்று மனிதர் வெட்டிய நீர்நிலைகள், பாசனத்துக்கென்று கட்டிய அமைப்புகள். செட்டிநாட்டில் இதற்குப் பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஊருணி குடிநீருக்காக வெட்டியது, கண்மாய் பாசனத்துக்காகக் கட்டியது. ஆறு வற்றிய பூமியில் நம் முன்னோர் கையால் உண்டாக்கிய நீர்நிலைகள் என்பதாலேயே அவை அந்த விதிகளின் காப்புக்கு வெளியே நின்றுவிட்டன.

விதிகள் பொருந்தும் என்றே வைத்துக்கொண்டாலும், படகுத்துறைக்கு அவற்றில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. கடந்த பத்தாண்டுகளில் காணப்பட்ட சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது என்று தடை விதிக்கும் அதே வாக்கியத்தில், படகுத்துறை நீங்கலாக என்ற சொற்களும் உள்ளன. ஆகவே ஒப்பந்தக்காரர் தரப்பு வழக்கறிஞர் அந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் வாதிடுவார். ஆனால் அந்த விலக்கு படகுத்துறைக்கு மட்டுமே உரியது. உணவகத்துக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் அது நீளாது. படகுத்துறை என்ற பெயரில் மூன்று வேலைகளை ஒரே வரைபடத்தில் காட்டினால், மூன்றையும் தனித்தனியே பிரித்துக் காட்டும்படி கேட்பதே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது.

உங்கள் பக்கமும் ஒரு வாதம் உண்டு. இதற்கு முந்தைய 2010ஆம் ஆண்டு விதிகள் ஏரி, நீர்த்தேக்கம், குளம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சேர்த்திருந்ததோடு, படகுத்துறை கட்டுவது, இயந்திரப் படகு ஓட்டுவது, தூர்வாருவது ஆகியவற்றை முன் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டிய பட்டியலில் வைத்திருந்தன. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் வரைபடத் தொகுப்பில் கண்டறியப்பட்ட 2,01,503 ஈரநிலங்களை அந்த 2010 விதிகளின் நான்காம் விதி சொல்லும் நெறிப்படி பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்களைக் கொண்ட அந்தத் தொகுப்பு, மனிதர் கட்டிய குளங்களையும் ஒரு வகையாகக் கணக்கில் எடுத்திருக்கிறது. உங்கள் கண்மாய் அதில் இடம்பெற்றிருந்தால், இந்த உத்தரவை வைத்து வாதிட இடம் இருக்கிறது. வெற்றி நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன்.

சுற்றுச்சூழல் அனுமதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் அறிவிக்கையில் கட்டடத் திட்டங்களுக்கு வைத்த எல்லை 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பு. உங்கள் ஊர்த் திட்டம் அதைத் தொடப் போவதில்லை. தொட்டாலும் அந்த வகைத் திட்டத்துக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது என்பதால், கூட்டம் போடுவார்கள், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்து ஏமாற வேண்டாம்.

அப்படியானால் பிடி எங்கே இருக்கிறது? என் கணிப்பில், பறவையிலும் இல்லை, ஈரநிலம் என்ற சொல்லிலும் இல்லை. கண்மாயின் மடையில் இருக்கிறது. நம் பக்கத்துக் கண்மாய் வடகிழக்குப் பருவமழையை நம்பியது; ஐப்பசியில் பெருகத் தொடங்கி, தையில் மடை வழியே வயலுக்குப் போய், கோடையில் வெடித்துக் கிடக்கும். வயலுக்குத் தண்ணீர் கண்மாயை விட்டு வெளியேற வேண்டும், படகுக்கு அது உள்ளேயே நிற்க வேண்டும். நான்கு மிதிபடகு இருந்த வரையில் இந்த முரண் தெரியவில்லை, ஏனென்றால் மடையைத் திறந்தால் படகைக் கரையேற்றிவிட்டுப் போய்விடுவார்கள். கோடிக்கணக்கில் முதல் போட்டவர் அப்படிக் கரையேற்றமாட்டார். மடையைச் சில நாள் பொறுத்துத் திறக்கலாமே என்பார். அல்லது படகு தரைதட்டாமல் இருக்க ஆழமாகத் தோண்டுவோம் என்பார். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் எந்த வயலுக்கும் ஏறாது என்பது நீர்வளத் துறைப் பொறியாளருக்கு நன்றாகத் தெரியும். மாடு குடிக்கும், மீன் வளரும், பக்கத்துக் கிணற்றில் ஊறும். அந்தப் பயன்களை நான் மறுக்கவில்லை. ஆனால் தூர்வாரல் என்று எழுதியிருக்கும் வேலை வண்டலை எடுப்பதா, படகுக்குப் பள்ளம் பறிப்பதா என்பதை மடையின் அடிமட்டத்தை வைத்தே முடிவு செய்ய முடியும்.

ஆகவே தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் கண்மாய் பெரும்பாலும் நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். எது என்று தெரிந்துகொண்டு அங்கே கேளுங்கள். கண்மாயின் முழு நீர்மட்டம், மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கின் மட்டம், ஒவ்வொரு மடையின் அடிமட்டம், ஆயக்கட்டுப் பரப்பு, இந்தத் திட்டத்துக்கு அத்துறை கொடுத்த தடையின்மைச் சான்றின் நகல், அதனோடு இணைத்த வரைபடம் ஆகியவற்றைக் கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில், எந்த நிலம் என்ன வகை என்று காட்டும் 'அ' பதிவேட்டின் நகலையும் புல வரைபடத்தையும் வாங்குங்கள். நீங்கள் சொல்லும் உள்வாய்ப் பகுதி முழு நீர்மட்டத்துக்கு உட்பட்டிருந்தால், அது தண்ணீர் வற்றிய காலத்தில் தரையாகத் தெரிந்தாலும் கண்மாய்தான். அங்கே மண் கொட்டி வண்டி நிறுத்துவது ஆக்கிரமிப்பு. நீர்வளத் துறைக் கண்மாய் என்றால் 2007ஆம் ஆண்டின் குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும், ஒன்றியக் கண்மாய் என்றால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும் இதற்குக் கைகொடுக்கும். உணவகம் கழிவுநீரை எங்கே விடப் போகிறது என்பதற்கு, 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். "எல்லா அனுமதியும்" என்று சொன்னவரிடம் அதன் நகலையும் காட்டச் சொல்லுங்கள்.

நீதிமன்றம் போக நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் அட்டவணையில் நீர்ச் சட்டமும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் உண்டு, 2007ஆம் ஆண்டின் குளச் சட்டம் இல்லை. கழிவுநீர், ஈரநில விதி ஆகியவற்றை முன்வைத்தால் சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வு. அதற்கும் வழக்கின் காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள் கிடைக்கலாம். ஆக்கிரமிப்பும் மடையும்தான் வழக்கு என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. இரண்டிலும் ஆயக்கட்டுதாரர்கள் நான்கு பேர் மனுதாரர்களாக நிற்பது, பறவை ஆர்வலர் ஒருவர் நிற்பதைவிடக் கனமானது.

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டை விருந்தினர் தங்குமிடமாக நடத்துகிறேன். வெளியூர் விருந்தினர்கள் கண்மாயில் படகு உண்டா என்று கேட்கிறார்கள். யாருக்கும் கெடுதல் இல்லாமல் சிறிய அளவில் ஒரு படகுத்துறை அமைக்க முடியுமா? யாரிடம் தொடங்க வேண்டும்?
— ஒரு வாசகி

பதில்: முடியும் அம்மா, ஆனால் பொறியாளரிடம் தொடங்காதீர்கள், ஆயக்கட்டுதாரர்களிடமும் அந்த ஆண்டு மீன்பாசிக் குத்தகை எடுத்திருப்பவரிடமும் தொடங்குங்கள். மடையை எப்போது திறப்பது என்பதில் உங்களுக்கு எந்தச் சொல்லும் கிடையாது என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கிவிடும். பிறகு அதை கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் சபை கூடும். அந்தத் தீர்மானம் அனுமதி ஆகாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கண்மாய் யார் வசம் இருக்கிறதோ அந்தத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

கான்கிரீட் வேண்டாம். கண்மாய்க் கரை மண்ணை அடித்து இறுக்கிக் கட்டியது. அதில் தூண் இறக்கத் தோண்டினால் பெருமழைக் காலத்தில் அந்த இடத்தில்தான் தண்ணீர் கசியத் தொடங்கும். காற்றடைத்த பீப்பாய்களின் மேல் பலகை பொருத்திய மிதவை மேடை தண்ணீரோடு ஏறும், இறங்கும். வற்றினால் கழற்றி வீட்டுக் கொல்லையில் வைத்துவிடலாம். கரை, மடை, கலுங்கு மூன்றிலிருந்தும் தள்ளி, கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலை மறிக்காத இடமாகப் பாருங்கள். துடுப்புப் படகோ மிதிபடகோ போதும். இயந்திரம் பொருத்தினால் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி ஆய்வு, பதிவு, காப்பீடு என்று வேறொரு வரிசையில் போய் நிற்க நேரிடும். எந்தப் படகானாலும் உயிர்காப்பு அங்கி அணியாதவரை ஏற்றாதீர்கள். 2009இல் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023இல் கேரளத்தின் தானூரில் 22 பேர். இரண்டும் அமைதியான உள்நாட்டு நீரில் நடந்தவை. ஊருணியில் மட்டும் படகு விடும் எண்ணம் வேண்டாம். குடிக்கிற தண்ணீரில் கால் வைக்கக்கூட யோசித்த ஊர்கள் இவை.

கேள்வி: வேட்டங்குடி சரணாலயத்துக் கண்மாய்களிலும் படகு விட்டால் பறவைகளைக் கிட்டத்தில் பார்க்கலாமே?
— திருப்பத்தூர் வாசகர்

பதில்: அங்கே நிலை முற்றிலும் வேறு. 1977 முதல் அது பறவைகள் சரணாலயம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் உயிரினங்களின் வாழிடத்தைச் சேதப்படுத்தவோ தண்ணீரின் போக்கைத் திருப்பவோ நிறுத்தவோ தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியும் வனவுயிர்களின் நன்மைக்கு அவசியம் என்று அரசு கருதினால்தான் கிடைக்கும். படகு சவாரிக்கு அப்படி ஒரு காரணத்தைக் காட்ட முடியாது. மேலும், கண்மாயில் படகு மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும் மாதங்களும், நாரைகள் கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மாதங்களும் ஒன்றேதான். கொள்ளுக்குடிப்பட்டியிலும் வேட்டங்குடியிலும் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காமல் பல பத்தாண்டுகளாக மக்கள் பொறுத்து வருகிறார்கள். கரையில் நின்று பாருங்கள். காலை ஏழு மணிக்குள் போனால் தொலைநோக்கி இல்லாமலே நத்தைகுத்தி நாரைகள் தெரியும்.