வால்வ் அம்பிளிஃபயரில பரசிற்றிக் சப்ரெசருக்கு எத்தனை ஓம், எத்தனை சுத்து?

தம்பி, 807 வால்வ் ரெண்டு போட்டு லீனியர் அம்பிளிஃபயர் கட்டியிருக்கிறன், அனோட் சப்ரெசருக்கு எத்தனை ஓம் எத்தனை சுத்து எண்டு கேட்டிருக்கிறியள். சப்ரெசர் எண்டது வால்வின்ர அனோட் (பிளேற்) கம்பியில போடுற றெசிஸ்டரும் அதோட பரலலா ஒரு கொயிலும்தான், வால்வ் தேவையில்லாத அலைவரிசையில தானாத் துள்ளுறதை, அதான் பரசிற்றிக், அடக்க. நானும் உப்பிடித்தான் கேட்டனான். ஒருத்தர் சொன்ன "47 ஓம், 4 சுத்து" எண்டதை அப்பிடியே போட்டு ரெண்டு வால்வைப் பறிகுடுத்தனான், அதாலதான் இதை எழுதுறன்.

நான் வவுனியா. கடையில 47 ஓம் கேக்க, வெள்ளைச் சீமெந்துக் கட்டி மாதிரி இருக்குமே, அதைத் தந்தினம், 5 வாற், சந்தோசமா வாங்கிக்கொண்டு வந்து அதுக்கு மேல செப்புக்கம்பி சுத்தி அனோட் தொப்பியில பிடிச்சன். 600 வோல்ற் குடுத்தன், டிறைவ், அதான் உள்ள குடுக்கிற சிக்னல், ஒண்டும் குடுக்கேல்ல, கிறிட் மீற்றர் ஊசி துடிக்குது. நியோன் பல்ப் ஒண்டைக் காய்ஞ்ச தடியில கட்டிக் கிட்டக் கொண்டுபோனன், றேடியோ அலை இருந்தாப் பத்தும், பத்திச்சுது! நான் சுவிட்சுக்கு ஓட முதல் ரெண்டு அனோட்டும் செக்கச்செவேல் எண்டு சிவந்து போச்சு.

விசயம் என்னெண்டா அந்த வெள்ளைக் கட்டிக்குள்ள இருக்கிறதும் சுத்தின கம்பிதான். அனோட் கம்பியும் வால்வுக்குள்ள இருக்கிற கப்பாசிற்றன்சும் சேந்து வீஎச்எஃப்பில (30 மெகாஹேட்ஸுக்கு மேல) தானா ஒரு சேர்க்கிற் ஆகிடும், அதின்ர துள்ளலை அடக்க உண்மையான றெசிஸ்டன்ஸ் வேணும், நான் வச்சது இன்னொரு கொயில்.

பிறகுதான் கரண்டை நிப்பாட்டிப்போட்டு டிப் மீற்றரால, அதான் சேர்க்கிற் எந்த அலைவரிசையில துள்ளும் எண்டு காட்டுற மீற்றரால, பாத்தன், 120 மெகாஹேட்ஸுக்குக் கிட்ட. அரை இஞ்சி விட்டத்தில அரை இஞ்சி நீளத்துக்கு 4 சுத்து எண்டா 0.14 மைக்ரோஹென்றி வரும், அது 14 மெகாஹேட்ஸில 12 ஓம், 120இல 100 ஓமுக்கு மேல. அப்ப வேலை செய்யிற சிக்னல் கொயிலால போகும், பரசிற்றிக் மட்டும் றெசிஸ்டருக்குள்ள போய் வெக்கையாகிச் சாகும். உங்கட கம்பி வேற நீளம் எண்டா கணக்கும் வேற, அதாலதான் நம்பரைச் சும்மா சொல்ல ஏலாது எண்டுறன்.

உள்ளுக்குக் கம்பி சுத்தாத கார்பன் றெசிஸ்டர் அப்பான்ர ரின்னில கிடந்துது, 100 ஓம் 2 வாற் ரெண்டு. பழசு, ஓம் ஏறியிருக்கும் எண்டு அளந்தன், 104உம் 111உம், பரலலாப் போட 54. அப்பா மாங்குளத்தில றேடியோ திருத்தினவர். தொண்ணூறுகளில சண்டை நேரம் வன்னிக்குள்ள பற்றறியே விடேல்ல, சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் செய்தி கேட்டம், ஒரு றெசிஸ்டரைப் பழைய செற்றில இருந்து கால் முறியாமல் கழட்ட அவர் படுற பாடு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. இடம்பெயரேக்க உடுப்பை விட்டிட்டு அந்த ரின்னைத் தூக்கினவர் எண்டு அம்மா இண்டைக்கும் ஏசுவா. இப்ப றோட்டுத் திறந்து எல்லாம் வருது, ஆனா கார்பன் றெசிஸ்டர் எண்டு கேட்டா, வால்வ் வேலையோ எண்டு போட்டு மற்ற ஆளைக் கவனிக்கப் போயிடுவினம். மனம் நோகுது.

கொயிலை றெசிஸ்டன்ஸ் கூடின நிக்குரோம் கம்பியாலதான் சுத்தோணும் எண்டு சிலர் சண்டைக்கு வருவினம். பிழை எண்டு நான் சொல்லேல்ல, என்ர 807க்குச் செம்பு காணும். 28 மெகாஹேட்ஸில அந்தக் கொயிலே 25 ஓமுக்குக் கிட்ட வந்து றெசிஸ்டர் சுடும், அங்க சுத்தைக் குறையுங்கோ. எனக்கு அமெச்சூர் றேடியோ லைசென்ஸும் இருக்கு, அதையும் கேக்க வேண்டாம்.

மற்றது, அனோட் கம்பியை 15 சென்ரிமீற்றரில இருந்து 5க்கு வெட்டினன், ஒவ்வொரு கிறிட் காலோடயும் ஒட்டி 22 ஓம் போட்டன். திரும்பக் கரண்டைக் குடுத்து அதே தடியைக் கிட்டக் கொண்டுபோனன், நியோன் பத்தேல்ல, ஊசியும் அசையேல்ல. நீங்கள் கை வைக்க முதல் கப்பாசிற்றரை டிஸ்சார்ஜ் பண்ணுங்கோ, 600 வோல்ற் ஆளைக் கொண்டுபோடும்.