ஐந்தாவது கைடு வேண்டாம்

கேள்வி: குலசேகரம் அருகே ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் வேலை பார்க்கிறேன். சிறுகதை எழுதக் கற்றுத்தரும் நூல்கள் நான்கு படித்துவிட்டேன்; எழுத வரவில்லை. இன்னொன்று வாங்கலாமா? நாகர்கோவிலில் ஒருவர் பயிற்சியும் தந்து புத்தகமும் போட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறார். என் கதையின் முதல் பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: நூலும் வாங்காதீர்கள், பணமும் கொடுக்காதீர்கள்.

கைடு இல்லாமல் ஒரு வரியும் எழுதத் துணியாதபடி நம்மைப் பழக்கியது பள்ளிக்கூடம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கட்டுரையையே மனப்பாடம் செய்ய வைத்தார்கள். உங்கள் கதையும் 'கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான்' என்றுதான் தொடங்குகிறது. நீங்களோ கதிரவன் வருமுன் தலைவிளக்கோடு மரத்தடியில் நிற்பவர். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் புண்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும் என்பது உங்கள் கைக்குத் தெரியும். சிரட்டையில் பால் சொட்டுவதைப் பத்து வரி எழுதுங்கள். நம் குமரி மாவட்டத்துப் பனையேறிகளின் வாழ்க்கையைச் சொல்லும் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) நாவலில் ஓர் அத்தியாயத்தைக் கையால் பெயர்த்தெழுதுங்கள்.

ஒற்றுப்பிழைக்கு மட்டும் கையேடு வேண்டும். 'படித்துப் பார்த்தான்' என்பதில் 'ப்' வரும், 'வந்து பார்த்தான்' என்பதில் வராது. முதலாவதில் 'து'வுக்கு முன் நிற்பது வல்லின மெய், அடுத்ததில் மெல்லினம். 'செய்து பார்த்தான்' என்பதில் இடையினம், அங்கும் வராது. இது கதை எழுதி எழுதித் தானாக வருவதில்லை. உங்கள் ஒரு பக்கத்தில் பதினொரு இடம் தவறு. ஆகவே சிறிய இலக்கணக் கையேடு ஒன்று வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மனிதர். ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணுக்கென்று தனியாகப் பணம் கேட்பார். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். 'பதிப்புரிமை வாங்கித் தருகிறேன்' என்பார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணமே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தால்தான் அது கைமாறும். காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். அதனால்தான் 'நிரந்தரமாக' என்ற சொல்லை நடுவில் நுழைப்பார்கள். எழுதுபவருக்கு இவ்வளவு சாதகமான சட்டத்தை எளிய தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் அலுவலகமும் முன்வருவதில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். ஒப்பந்தத்தில் அந்தச் சொல்லைக் கண்டால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.