இரண்டு இளம் கார்டுகள், ஒரு பந்து: கேள்வி பதில்

ரசிகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆடும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியைப் பற்றியவை. மீதியில் சில நம் சிங்கப்பூர்த் திடல்களைப் பற்றியவை. ஒன்றையே சுற்றி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "யார் பெரிய ஆட்டக்காரர்" என்ற ரகத்தை ஒதுக்கிவிட்டேன். அதற்குக் காப்பிக்கடை இருக்கிறது. பள்ளி நாள்களில் நான் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவள். இப்போது சனிக்கிழமைகளில் சமூக மன்றத் திடலில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். பதில்களில் அந்தச் சாய்வு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஸ்பர்ஸ் பித்தன், தெம்பனிஸ்): அக்கா, ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். ஸ்பர்ஸ் காசல், ஃபாக்ஸ், ஹார்ப்பர் என்று மூன்று கார்டுகளைச் செருகி வைத்திருக்கிறது. காசல் 2025இன் சிறந்த புதுமுகம். அதே ஆண்டு பிப்ரவரியில் ஃபாக்ஸை வாங்கினார்கள். ஜூனில் நடந்த டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுப்பது) இரண்டாவது ஆளாக ஹார்ப்பரை எடுத்தார்கள். யாரை அனுப்புவது?

பதில்: யாரையும் அனுப்ப வேண்டாம், தம்பி. முதலில் கணக்கைப் பாருங்கள். என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். கார்டுகளுக்கு இரண்டு இடம் என்றால் 96 நிமிடம். மூவருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 32. இளம் ஆட்டக்காரருக்கு அது கஞ்சத்தனமான பங்கு அல்ல. காசல் 6 அடி 6 அங்குலம், கார்டுகளைவிட உயரமான ஃபார்வர்டுகளையும் தடுக்கக்கூடியவர். அதனால் மூவரையும் சேர்த்தே சில நிமிடங்கள் இறக்கலாம். இடநெருக்கடி என்று இப்போது புலம்புவதெல்லாம் பிற்பாடு சம்பளப் பேச்சு வரும்போதுதான் நிஜமாகும்.

இடிக்கிற இடம் வேறு. மூவருமே பந்தை வைத்துக்கொண்டு வளையத்தை நோக்கிப் பாய்கிறவர்கள். ஃபாக்ஸும் ஹார்ப்பரும் இடக்கையர்கள் வேறு. காசல் தம் முதல் பருவத்தில் எடுத்த மூன்று புள்ளி வீச்சுகளில் 30 விழுக்காடுகூட உள்ளே போகவில்லை. ஃபாக்ஸ் கையில் பந்து இருக்கும்போது, காசலைக் காக்க வேண்டியவர் அவரை அம்போவென்று விட்டுவிட்டு உள்ளே நகர்ந்து வெம்பன்யாமாவின் பாதையில் நின்றுகொள்வார். ஏழு அடிக்கு மேல் வளர்ந்த ஓர் அதிசயத்தை அணியில் வைத்துக்கொண்டு, அவருக்குப் பந்து போகும் வழியை நாமே அடைத்துக்கொள்வதா?

ஆனாலும் காசல்மீது எனக்கு நம்பிக்கை உண்டு. 2024இல் கனெக்டிகட் பல்கலைக்கழகம் தேசியப் பட்டம் வென்றபோது பந்து பெரும்பாலும் டிரிஸ்டன் நியூட்டன் கையில்தான் இருந்தது. முதலாண்டு மாணவரான காசல் தற்காப்பில் கடினமான வேலையை ஏற்றுக்கொண்டார், இடைவெளி பார்த்து உள்ளே ஓடினார், கிடைத்த வாய்ப்பில் புள்ளி எடுத்தார். பந்தில்லாமல் ஆடுவது அவருக்குப் புதிதல்ல. மூவரில் யார் முதலில் விலகி நிற்கக் கற்றுக்கொள்கிறார் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட் வாசகர்): "பந்தில்லாத ஆட்டம்" என்று எல்லாரும் சொல்கிறீர்கள். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. எதைத்தான் பார்ப்பது?

பதில்: ஒரே ஒரு கால்பகுதிக்குப் பந்தை மறந்துவிட்டு ஒரு கார்டை மட்டும் பாருங்கள். இறுதிச் சுற்றை இங்கே காலை எட்டரை மணிக்கு அலுவலக மேசைக்கு அடியில் கைப்பேசியை மறைத்துப் பார்க்கிறவர்களுக்கு இது சிரமம்தான். மறு ஒளிபரப்பில் பாருங்கள்.

பந்தைக் கைமாற்றிவிட்ட அடுத்த இரண்டு வினாடிகளில் அவர் என்ன செய்கிறார்? சிலர் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். தமக்கு வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். சிலர் மெதுவாக மூலைக்கு நகர்வார்கள். அது பரவாயில்லை, குறைந்தது வழியை விட்டார்கள். நல்லவர் தம்மைத் தடுப்பவரின் தலையைப் பார்ப்பார். அந்தத் தலை பந்தின் பக்கம் திரும்பும் கணத்தில் அவருடைய முதுகுப் பக்கமாக உள்ளே ஓடுவார். தடுப்பவர் மீண்டும் திரும்பும்போது அங்கே ஆள் இருக்க மாட்டார்.

அடுத்து, பந்து வருவதற்கு முன் அவருடைய முட்டியைப் பாருங்கள். மடங்கியிருந்து, கைகள் மார்பளவில் விரிந்து, பாதம் வளையத்தைப் பார்த்திருந்தால், பந்து கைக்கு வந்த மூச்சிலேயே எறிந்துவிடலாம். முட்டி நிமிர்ந்திருந்தால் பந்தைப் பிடித்த பிறகுதான் குனிந்து எழ வேண்டும். விட்டுப்போன தடுப்பாளர் ஓடிவந்து கையை நீட்ட அந்த அரை வினாடி போதும். பந்து கையில் இருக்கும்போது சூரர்களாகத் தெரியும் பல இளம் கார்டுகள் இந்த ஒரு விஷயத்தில் கோட்டை விடுகிறார்கள். சராசரிப் புள்ளிப் பட்டியலில் இது தெரியவே தெரியாது.

கேள்வி (பிடோக் ரசிகர்): கரியும் மான்டா எல்லிஸும் சேர்ந்து ஆட முடியாது என்று அன்றே சொன்னார்கள். அது சரியா?

பதில்: சொன்னவரே எல்லிஸ்தான். 2009இல் கரி கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்குள் வந்தபோதே, இவ்வளவு சிறிய இருவரை வைத்து வெல்ல முடியாது என்று வெளிப்படையாகப் பேசினார். பாதி சரி. இருவரும் சேர்ந்தால் தற்காப்பு பலவீனமாகும் என்றது உண்மை. ஆனால் போக வேண்டியவர் தாமாக இருப்பார் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். 2012 மார்ச்சில் எல்லிஸை மில்வாக்கிக்கு அனுப்பி ஆண்ட்ரூ போகட்டை வாங்கினார்கள். அப்போது கரிக்குக் கணுக்கால் காயம் மேல் காயம். ரசிகர்களுக்கு ஒரே ஆத்திரம். சில நாள்களில் நடந்த ஒரு விழாவில் அணி உரிமையாளர் ஜோ லேக்கப் பேச எழுந்தபோது அரங்கமே கூச்சலிட்டது.

எல்லிஸ் விட்டுச்சென்ற இடத்தில் நின்றவர் கிளே தாம்சன். உயரமானவர், எதிரணியின் விரைவான கார்டைத் தாம் எடுத்துக்கொள்வார், பந்தைத் தட்டாமலே முப்பது புள்ளி எடுப்பார். கரியும் பந்தைக் கொடுத்தவுடன் நிற்கிறவர் அல்லர். கொடுத்துவிட்டு ஓடுவார். அவர் பின்னால் இரண்டு பேர் பதறி ஓட, வேறு யாரோ வளையத்தடியில் தனியாக நிற்பார். 2015இல் பட்டம் வந்தது. விழாவில் கத்தியவர்கள் அன்று எங்கே போனார்களோ!

கேள்வி (பொங்கோல் ரசிகர்): அப்படியானால் போர்ட்லேண்ட் அணியின் லில்லார்டும் மெக்கலமும் ஏன் பட்டம் வெல்லவில்லை? இருவருமே தூரத்திலிருந்து போடுவார்கள், பந்தில்லாமலும் ஆடுவார்கள்.

பதில்: தாக்குதலில் அவர்கள் அழகாகப் பொருந்தினார்கள். சிக்கல் மறு முனையில். ஒருவர் 6 அடி 2 அங்குலம், இன்னொருவர் 6 அடி 3. பிளேஆஃபில் (பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகள்) எதிரணி செய்வது ஒன்றுதான்: இருவரில் ஒருவர் காக்கும் ஆளை அழைத்து ஸ்கிரீன் போடச் சொல்லும், அதாவது பந்து வைத்திருப்பவரைத் தடுப்பவரின் வழியில் மறித்து நிற்கச் சொல்லும். ஆள் மாற்றிக்கொண்டால் பெரியவர் முன்னால் சிறியவர் மாட்டுவார். மாற்றாவிட்டால் பந்து வைத்திருப்பவருக்கு வழி திறக்கும். ஒரு சிறியவரை ஒளித்து வைக்க ஓர் இடம் கிடைக்கும். இருவரை எங்கே ஒளிப்பது? 2019இல் மேற்கு வட்டார இறுதிச் சுற்று வரை போய் வாரியர்ஸிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றார்கள். இருவரையும் பிரிக்க 2022 பிப்ரவரி வரை காத்திருந்தது போர்ட்லேண்டின் விசுவாசம் என்பார்கள். எனக்கு அது தயக்கமாகத்தான் பட்டது.

கேள்வி (பழைய டெட்ராய்ட் ரசிகர், தோ பாயோ): அம்மா, ஐசேயா தாமஸும் ஜோ டூமார்ஸும் சிறியவர்கள்தானே? 1989, 1990 இரண்டு ஆண்டும் வென்றார்களே?

பதில்: ஐயா, அந்த இருவரில் ஒருவர் டூமார்ஸ். மைக்கேல் ஜோர்டானையே முகத்துக்கு முகம் நின்று தடுத்தவர். உயரக் குறைவை அவருடைய கால்கள் ஈடுகட்டின. பின்னால் காவலுக்குப் பெரிய முரடர்கள் இருந்தார்கள். ஒருவர் 1989 இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர், மற்றவர் 1990இல். இப்படிப் பங்குபோட்டுக்கொண்ட ஜோடி அபூர்வம். மூன்றாவது கார்டான வின்னி ஜான்சனை மறந்துவிடாதீர்கள். 1990இல் 0.7 வினாடி மிச்சமிருக்கையில் பட்டத்தை முடித்துவைத்த வீச்சு, தொடக்க ஐவரில் இல்லாத அவருடையது.

கேள்வி (பலர்): ஹாலிபர்ட்டனை விட்டது சாக்ரமென்டோவின் முட்டாள்தனம்தானே?

பதில்: இந்தக் கேள்வி வந்த வேகத்தைப் பார்த்தால் எல்லாருக்கும் பதில் முன்பே தெரியும் போலிருக்கிறது. நான் மறுக்கிறேன். 2022 பிப்ரவரியில், அப்போது தம்மிடம் இருந்த ஃபாக்ஸை வைத்துக்கொண்டு, ஹாலிபர்ட்டனை இந்தியானாவுக்குக் கொடுத்து சபோனிஸை வாங்கினார்கள். அடுத்த பருவத்திலேயே 48 வெற்றி. 2006க்குப் பிறகு முதன்முறையாக பிளேஆஃப். ஹாலிபர்ட்டனோ இந்தியானாவைத் தம் போக்குக்கு ஓடவிட்டு, 2025 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை கொண்டுபோனார். பந்தைத் தம் கையில் தாமதிக்கவிடாமல் பறக்கவிடுகிறவர் அவர். ஃபாக்ஸ் தட்டிக்கொண்டே தடுப்பைப் பிளப்பவர். இரண்டு தாளம். பிரித்ததால் இருவரும் வளர்ந்தார்கள். பிறகு ஃபாக்ஸையும் இழந்தது வேறு கதை. அந்த நிர்வாகத்துக்கு வக்காலத்து வாங்க எனக்கு விருப்பமில்லை.

கேள்வி (புக்கிட் பாத்தோக் ரசிகர்): இளம் கார்டு ஜாஷ் கிடியை ஓக்லஹோமா ஏன் விட்டது?

பதில்: அணியின் முதன்மை ஆட்டக்காரர் ஷாய் கையில் பந்து இருந்தால் கிடிக்கு வேலை இல்லை. 2024 பிளேஆஃபில் டல்லாஸ் அவரை வெளியே கண்டுகொள்ளாமல் விட்டது. அந்தத் தொடரிலேயே தொடக்க ஐவரில் இடம் போயிற்று. ஜூனில் அவரைக் கொடுத்து கரூசோவை வாங்கினார்கள். அடுத்த ஆண்டே பட்டம். திறமை குறைந்த ஆளை வாங்கி அணி வலுவானது.

கேள்வி (ஒரு மாணவி, ஈசூன்): பெண்கள் ஆட்டத்தைப் பற்றி யாருமே கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

பதில்: வாழ்க! மூன்று கார்டுகள் பொருந்துவார்களா என்று வாதம் செய்யும் அண்ணன்மார் லாஸ் வேகஸ் ஏசஸ் ஆட்டங்களைப் பார்த்திருந்தால் பாதிக் கேள்விகள் வந்திருக்காது. செல்சி கிரே, கெல்சி பிளம், ஜாக்கி யங். மூவரும் தொடக்க ஐவரில் நின்று 2022, 2023 இரண்டு பட்டம். கிரே ஆட்டத்தை நடத்துவார். பிளம் தூரத்திலிருந்து போடுவார். யங் எதிரணியின் ஆபத்தான கார்டைத் தடுப்பார். இவர்களுக்கு நடுவில் ஏஜா வில்சன். பிளம், யங் இருவருமே டிராஃப்டில் முதலிடத்தில் எடுக்கப்பட்டவர்கள் என்பதைக் கவனி. அப்படிப்பட்ட பிளம் 2021இல் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

கேள்வி (ஒரு தாய், செங்காங்): மகன் உயர்நிலை மூன்று. பள்ளி அணியில் கார்டு. உயரம் 164 சென்டிமீட்டர். புதிதாக வந்த பையனிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, பயிற்றுவிப்பாளர் இவனை ஓரத்தில் நிற்க வைக்கிறாராம். வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். நான் போய்ப் பேசலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. அவனே போய், "ஓரத்தில் நான் என்ன செய்தால் உங்களுக்கு உதவி?" என்று கேட்கட்டும். இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையை எந்தப் பயிற்றுவிப்பாளரும் மறப்பதில்லை.

அவன் உயரத்துக்கு ஓரம் தண்டனை அல்ல, வழி. நம் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் ஆசியான் லீக் இறுதிச் சுற்றுக்குப் போன ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். பந்தைக் கொண்டுவரும் வேலையைப் பெரும்பாலும் சேவியர் அலெக்சாண்டர் பார்த்துக்கொண்டார். உள்ளூர்க்காரர் வோங் வெய் லோங், தடுப்பவர் கண் அயர்ந்தால் மூன்று புள்ளி போட்டுவிடுவார். அரங்கில் அதிகக் கைதட்டல் வாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அடுக்குமாடிக்குக் கீழே உள்ள திடலில் பிள்ளைகள் தனியாகப் போனால் தட்டித் தட்டித்தான் பழகுவார்கள். அது போதாது. யாராவது பந்தைப் போட, இவன் பிடித்து எறிந்து பழக வேண்டும். நீங்களே நின்று போடலாம். கோணலாகப் போட்டாலும் நல்லதுதான், ஆட்டத்தில் பந்து நேராக வருவதில்லை. மூலையிலிருந்து தொடங்கட்டும், மூன்று புள்ளிக் கோடு நடுவில் 6.75 மீட்டர், மூலையில் 6.6. இன்னொன்று: எதிரணி முழுத் திடலிலும் நெருக்கும்போது எட்டு வினாடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். அப்போது பந்தைத் தட்டத் தெரிந்த இரண்டாவது பையன் தங்கம். அவன் பழகியது வீண்போகாது.

கேள்வி (தொண்டூழியப் பயிற்றுவிப்பாளர், உட்லண்ட்ஸ்): சகோதரி, என்னிடம் நல்ல கார்டுகள் இருவர். பள்ளி ஆட்டங்களில் எல்லாரும் 2-3 வட்டாரத் தற்காப்பு (முன்னால் இருவர், பின்னால் மூவர், ஆளுக்கு ஒரு பகுதியைக் காப்பது) போடுகிறார்கள். இருவரும் மேலே நின்று பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தே நேரம் போகிறது.

பதில்: இருவரையும் மேலே நிறுத்தினால் எதிரணியின் முன் வரிசை இருவருக்கும் ஆளுக்கு ஒருவர் அமைந்துவிடுகிறார். அவர்களுக்கு அதைவிடச் சௌகரியம் வேறு இல்லை. ஒருவரை நடுவில், அந்த இருவருக்கும் இடையிலுள்ள இடைவெளிக்கு நேராக நிறுத்துங்கள். இவர் யாருடைய ஆள் என்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். மற்ற கார்டைப் பக்கவாட்டில், பந்து வந்தால் எறியும் தூரத்தில் வையுங்கள். உயரமான பையனை எறிகோட்டின் நடுவுக்கு அழையுங்கள். பயிற்சியில் ஐந்து நிமிடம் பந்தைத் தரையில் தட்டவே கூடாது என்று விதி போடுங்கள். முதல் நாள் கூச்சலாக இருக்கும்.

கேள்வி (ஹவ்காங் ரசிகர்): கடைசி 24 வினாடி, ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். இரண்டு கார்டுகளில் பந்து யாரிடம்?

பதில்: நம் இருவரில் யார் சிறந்தவர் என்று பார்க்காதீர்கள். அவர்களைத் தடுக்கும் இருவரில் யார் பலவீனமானவர் என்று பாருங்கள். அந்தப் பலவீனமானவர் காக்கும் கார்டு ஸ்கிரீன் போட வர வேண்டும், மற்றவர் பந்தோடு நிற்க வேண்டும். கார்டுக்குக் கார்டு ஸ்கிரீன் போடும்போது தடுப்பவர்கள் யோசிக்காமல் ஆள் மாற்றிக்கொள்வார்கள். நமக்கு வேண்டியதும் அதுதான். என் பிள்ளைகளிடம் எட்டு வினாடி மிச்சமிருக்கும்போது தொடங்கச் சொல்வேன். மிக முன்னதாகத் தொடங்கினால் எதிரணிக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்துவிடும். பிந்தினால் தவறிய பந்தை எடுத்துப் போட நேரம் இருக்காது.