காட்டு மரம் படிக்க ஆசையா? கேளுங்கள், சொல்கிறேன்

பினாங்கில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மழைக்காட்டு மரக்கன்றுகள் எப்படிப் பிழைக்கின்றன என்பதுதான் என் ஆய்வு. இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: அக்கா, எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) எழுதப் போகிறேன். அடுத்து என்ன படிக்கணும்? வேலை கிடைக்குமா? (பட்டர்வொர்த் மாணவி)

உயிரியலோ வனவியலோ எடு தங்கச்சி, இரண்டும் சரிதான். கணக்கை மட்டும் விட்டுவிடாதே, ஏனென்றால் காட்டில் அளந்து வந்ததை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் புள்ளியியலோடு உட்கார வேண்டியிருக்கும், அதனால் 'ஆர்' மென்பொருளை இப்போதே தொட்டுப் பார். வேலை உண்டு, நிரந்தர வேலை குறைவு. பலர் ஒப்பந்த ஆய்வு உதவியாளராகத்தான் தொடங்குகிறோம். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடு.

கேள்வி: செடிகொடி ஆராய்ச்சியிலிருந்து காட்டைப் பாதுகாக்கும் பக்கம் எப்படிப் போனீர்கள்?

நம் மழைக்காட்டின் உயரமான மரங்களான மெராந்தி, கெருயிங் குடும்பத்து மரங்கள் பல ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூக்கும். மெராந்திக் காய் மூன்று நீண்ட இறக்கை, இரண்டு குட்டை இறக்கையோடு சுழன்று விழும், விழுந்த சில நாளிலேயே முளை எட்டிப் பார்க்கும். அந்தக் கன்றுகளுக்கு அலுமினியத் தகட்டில் எண் கட்டி, உயரம் எவ்வளவு, இலை எத்தனை, எதைப் பூச்சி தின்றது என்று எழுதிக்கொண்டிருந்தேன், வெறும் ஆர்வத்தில். ஆனால் இந்த விதைகளைக் காயவைத்தால் செத்துவிடும். நெல்லைப் போல விதை வங்கியில் போட்டு வைக்க முடியாது. காட்டிலோ தாவரத் தோட்டத்திலோ உயிரோடு நிற்கிற மரம்தான் சேமிப்பு. இதை யோசிக்க யோசிக்க, எந்தக் கன்று எவ்வளவு வெளிச்சத்தில் பிழைக்கும் என்ற கேள்வியே, சிதைந்த காட்டில் எதை எங்கே திரும்ப நடலாம் என்பதற்கு இழுத்துப் போய்விட்டது.

கேள்வி: தோட்டத்தில் வளர்ந்தவன் நான், பால்மரமும் (ரப்பர்) செம்பனையும்தான் தெரியும். இத்தனை மரங்களை எப்படி அடையாளம் காண்பது? (சுங்கைப் பட்டாணி)

தம்பி, நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ ஆய்வுக் காட்டில் 50 ஹெக்டரில் 1 செ.மீ. தடிமனுக்கு மேல் உள்ள ஒவ்வொரு மரத்தையும் எண்ணியபோது 800க்கு மேற்பட்ட இனங்கள் இருந்தன, அதனால் மலைப்பது இயல்பு. பூ உச்சியில் இருக்கும், எட்டாது. கீழே விழுந்த இலை, பட்டையின் நிறம், பிசினின் வாசம், அடிமரத்தைத் தாங்கிப் பலகைபோல் நிற்கும் பலகை வேர், இவற்றை வைத்துப் பிடிக்க வேண்டும். 1884-இல் தொடங்கிய பினாங்கு தாவரவியல் பூங்காவில் வாரம் ஒரு மரம் என்று ஆரம்பி. காட்டில் வேலை செய்யும் மூத்த பணியாளர்களோடு நட, அவர்கள் சொல்லும் மலாய்ப் பெயரையும் குறித்துக்கொள். பால்மரம் தெரிந்த கண் உனக்கு ஏற்கெனவே பழகிய கண்தான்.

கேள்வி: மகள் காட்டுக்குப் போவது பாதுகாப்பா? (ஒரு தாய்)

பயப்படாதீர்கள் அம்மா. தனியாகப் போக மாட்டோம், வனத்துறை அனுமதி இல்லாமலும் போக மாட்டோம். அட்டை கடிக்கும், அது பெரிய விஷயமில்லை. புலியைவிட காற்றில் முறிந்து விழும் கிளைதான் ஆபத்து, பலத்த காற்று வந்தால் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

கேள்வி: கோலாலம்பூரில் அலுவலக வேலை. நானும் உதவ முடியுமா?

தாராளமாக. பத்துமலைக்குப் போகும்போது படிகளோடு நிறுத்தாமல் சுண்ணாம்புப் பாறையில் தொங்கும் செடிகளைப் பாருங்கள், சில இனங்கள் வேறு மண்ணில் வளராது. படம் எடுத்து, யார் வேண்டுமானாலும் உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடத்தோடு போடுங்கள். ஆர்கிட் என்றால் மட்டும் இடத்தை மறைத்துவிடுங்கள், பறித்து விற்கிறவர்களும் அதைப் பார்ப்பார்கள்.

கேள்வி: உங்கள் ஆய்வை யாராவது படிக்கிறார்களா?

கெப்போங் வன ஆய்வு நிலையம் 2010-இல் தீபகற்ப மலேசியாவின் மெராந்திக் குடும்ப மரங்களுக்குச் சிவப்புப் பட்டியல் (எந்த இனம் அழியும் ஆபத்தில் உள்ளது என்ற பட்டியல்) வெளியிட்டது. எந்த மரம் எங்கே எத்தனை நிற்கிறது என்று யாரோ நடந்து எண்ணியதால்தான் அப்படி ஒரு பட்டியல் சாத்தியம். இங்கே காடு மாநில அரசின் கையில். ஆகவே கட்டுரை வெளிவந்ததும் மலாயில் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதி, வரைபடத்தோடு மாநில வனத்துறையிடம் நேரில் கொடுங்கள்.