'நான் ரோபோ இல்லை' என்ற பெட்டியில் ஒரு நிரலால் டிக் அடிக்க முடியாதா?

தாராளமாக முடியும். அங்கே சோதனை டிக்கில் இல்லை, டிக் அடிக்கும் வரை நடந்ததில் இருக்கிறது: பிரவுசரின் குக்கிகள், ஐபி முகவரி, உங்கள் நடத்தை. சந்தேகம் வந்தால்தான் போக்குவரத்து விளக்குப் படங்கள் வரும்.

வந்திருப்பது மனிதரா, நிரலா என்று பிரித்தறியும் இத்தகைய சோதனைக்கு கேப்ட்சா என்று பெயர். இதன் அடிப்படை யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வான் ஆன், மானுவல் ப்ளூம் முதலியோர் 2003-இல் வெளியிட்ட கட்டுரை, செயற்கை நுண்ணறிவால் இன்னும் தீர்க்க முடியாத சிக்கலையே பூட்டாக்கச் சொன்னது. பூட்டு தாங்கினால் தளத்துக்குப் பாதுகாப்பு. உடைந்தால், தீராத ஒரு சிக்கல் தீர்ந்துவிட்டது என்று பொருள். எப்படியும் லாபம்!

பூட்டு உடைந்தேவிட்டது. பழைய கேப்ட்சாக்கள் படித்துத் தட்டச்சு செய்யச் சொன்ன நெளிந்த எழுத்துகளில் மிகக் கடினமானவற்றையும் தன் நிரல் 99.8 சதவீதம் சரியாகப் படிப்பதாக 2014-இல் கூகுளே சொன்னது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாக ஆய்வாளர்கள் 2023-இல் சுமார் 1,400 பேரை வைத்துச் சோதித்தார்கள். நெளிந்த எழுத்துகளுக்கு மனிதர்கள் 9 முதல் 15 வினாடி எடுத்தும் 50 முதல் 84 சதவீதமே சரி. நிரல்களோ ஒரு வினாடிக்குள் முடித்துவிடும். அடுத்த ஆண்டு சூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படப் புதிர்களையும் முழுமையாகத் தீர்த்துக் காட்டினார்கள். (நான் இன்னும் கம்பத்தையும் சேர்த்துக் கிளிக் செய்வதா என்று திணறுகிறேன்.)

ஆகவே போக்கு மாறிவிட்டது. கூகுளின் கேப்ட்சா சேவையான ரீகேப்ட்சாவின், 2018-இல் வந்த மூன்றாம் பதிப்பு புதிரே போடாது. நீங்கள் மனிதராக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 1 வரை பின்னணியில் மதிப்பெண் போடும். தொல்லை குறைந்தது, கண்காணிப்பு கூடியது. குக்கிகளை அழித்துவிட்டு ஐபி முகவரியை மறைக்கும் விபிஎன் வழியாக வருபவரின் மதிப்பெண் சரிய வாய்ப்பு அதிகம்.