கஞ்சி கூடியது, ஆடை குறைந்தது

கேள்வி: ஐயா, பர்மாவில் பெகு பக்கத்தில் நான்கு மாடுகள் வைத்திருக்கிறேன். கலப்பினப் பசு ஒன்று கன்று ஈன்று 25 நாள் ஆகிறது. பால் கூடட்டும் என்று பத்து நாளாகக் குருணைக் கஞ்சி காய்ச்சி, அரை வீசை பனைவெல்லம் கலந்து காலையில் வைக்கிறேன். குருணை மட்டும் 3 வீசை. பால் கொஞ்சம் கூடியது. ஆனால் ஆடையே கட்டவில்லை என்று டீக்கடைக்காரர் சண்டை பிடிக்கிறார். தீவனக் கடையில் கொழுப்பு ஏற்றும் பவுடர் தருகிறார்கள். கொடுக்கலாமா? சாணமும் சற்று இளக்கமாக இருக்கிறது.

பதில்: தம்பி, பவுடர் வேண்டாம். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய சாணத்தைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். சாணம் இளகி, நுரை கண்டு, குருணை அப்படியே தென்பட்டால் மாட்டின் பெருவயிறு, அதாவது தின்றது முதலில் போய்ப் புளிக்கும் அறை, அளவுக்கு மீறிப் புளித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பர்மா வீசைக்கு 3 வீசை என்றால் மாவுச்சத்து நிறைந்த குருணை ஏறக்குறைய 5 கிலோ ஒரே வேளையில் இறங்குகிறது. வெந்த குருணை பச்சைக் குருணையைவிட வேகமாகப் புளிக்கும். வெல்லம் அதையும் முந்திவிடும். பெருவயிற்றில் அமிலம் கூடி அமிலநிலை (pH) 6-க்குக் கீழே போனால், நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் தளர்ந்துவிடும். பால்கொழுப்பில் கிட்டத்தட்ட பாதி மடியிலேயே உருவாகிறது. அதற்கு முக்கியமான மூலப்பொருள், நார் புளித்துக் கிடைக்கும் அசிட்டிக் அமிலம். அது குறைந்த இடத்தில் ஆடை எங்கிருந்து வரும்? மாவுச்சத்தால் பாலின் அளவு கூடுவது உண்மைதான், அதனால்தான் உங்களுக்கு முதலில் சந்தோஷமாக இருந்திருக்கிறது.

இன்னொன்று. சினைக்காலக் கடைசியில் வைக்கோலிலேயே இருந்த மாட்டுக்கு, அமிலத்தை உறிஞ்சும் பெருவயிற்றுச் சுவர் முளைகள் குட்டையாகிவிடும். அவை மறுபடி வளர நாலைந்து வாரம் பிடிக்கும். அதற்குள் கஞ்சியை ஏற்றியதுதான் தவறு.

இனி நான் பிடிவாதமாகச் சொல்வது: மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சாதீர்கள். பாட்டி காலத்து வழக்கம் என்பீர்கள். அந்தப் பசுக்கள் கறந்தது இரண்டு படி பால், குடித்தது ஒரு குவளைக் கஞ்சி. விறகும் வீண், வயிறும் கெடும். எந்த வேளையும் முதலில் வைக்கோல், அரைமணி கழித்துத்தான் தீவனம். வைக்கோலை மெல்லும்போது எச்சில் ஊறும், அதில் இருக்கும் சோடாச் சத்துதான் அமிலத்தை அடக்கும். நல்ல மாட்டுக்கு ஒரு நாளில் நூறு லிட்டருக்கும் மேல் எச்சில் சுரக்கும். கஞ்சியை மெல்ல வேண்டியதே இல்லையே! வைக்கோலைப் பொடியாக நறுக்கவும் வேண்டாம், இரண்டு அங்குலமாவது இருக்கட்டும். மத்தியானம் மாடு படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். ஒரு கவளத்தை 50 முதல் 70 தடவை அசைபோட வேண்டும். நான் எந்தத் தொழுவத்துக்குப் போனாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இன்றைக்கே வெல்லத்தை நிறுத்துங்கள். குருணையைப் பச்சையாக, நாளுக்கு ஒன்றரை வீசைக்கு மேல் போகாமல், தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கலந்து மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். சமையல் சோடா நாளுக்கு 100 கிராம் தீவனத்தில் கலக்கலாம். சாணம் கட்டியான பிறகு கூட்ட நினைத்தால், இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. அசை நின்றாலோ, சாணம் தண்ணீராகிப் புளித்த வாடை அடித்தாலோ, நடக்கத் தயங்கினாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அந்தப் பவுடர் விஷயம். சாணத்தைப் பார்க்காமல் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர் உங்கள் காசைத்தான் பார்க்கிறார். பையின் மேல் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று எழுதாத எதையும் வாங்காதீர்கள். டீக்கடைக்காரரிடம் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கள். அப்புறம் மற்ற மூன்று மாடுகளுக்கும் இதே கஞ்சிதான் போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. போகிறதென்றால் அவற்றின் சாணத்தையும் நாளைக் காலையிலேயே பார்த்து எனக்கு எழுதுங்கள்.