"ஒரிஜினல் முல்லார்ட்"னு சொல்லி வித்த வால்வு ஆம்ப்: காவேரிப்பட்டணம் வாசகருக்கு பதில்

கேள்வி: வணக்கம் மேடம். பெங்களூர்ல பழைய ஆடியோ சாமான் வாங்கி வித்து கடை வச்சிருக்கிறவர்கிட்ட டைனகோ ஸ்டீரியோ 70ங்கிற பழைய அமெரிக்க வால்வு ஆம்ப் (கண்ணாடி வால்வுல ஓடுற ஆம்ப்ளிஃபையர்) ஒண்ணு 1,20,000 ரூபாய்க்கு வாங்குனேன். விளம்பரத்துல "டிரான்ஸ்பார்மர் மூணும் ஒரிஜினல், இஎல்34 நாலும் ஒரிஜினல் இங்கிலாந்து முல்லார்ட், ஃபுல் சர்வீஸ் பண்ணது"ன்னு போட்டிருந்தார் (இஎல்34ங்கிறது வால்வோட மாடல், முல்லார்ட் அதைச் செஞ்ச பழைய கம்பெனி), வாட்ஸ்அப்லயும் அதையே சொன்னார். கடைக்குப் போய் பத்து நிமிஷம் பாட்டு கேட்டேன், பணம் பாதி யூபிஐ, பாதி பேங்க்ல அனுப்புனேன், பில் கேட்டா பழைய சாமானுக்கு பில் எல்லாம் கிடையாதுன்னுட்டார். வீட்ல ரெண்டு வாரம் எல்.பி ரெக்கார்டா போட்டு சந்தோஷமா கேட்டுட்டு இருந்தோம், அப்புறம் ஒரு வால்வு உள்ள பிளேட் சிவப்பா எரிஞ்சு கருகுன வாசனை வந்துச்சு. தருமபுரி டெக்னீசியன் அண்ணன் திறந்து பாத்துட்டு பவர் டிரான்ஸ்பார்மர் லோக்கல்ல திரும்ப சுத்துனது, வால்வு நாலும் புது ரஷ்யன்னு சொல்றார். கடைக்காரர் "பழைய பொருள், நோ வாரண்டி, நோ ரிட்டர்ன்"ங்கறார். வாங்கி 23 நாள் ஆச்சு. போலீஸ்ல குடுக்கலாமா? டிரான்ஸ்பார்மர் மாத்தச் சொல்லிடட்டுமா?

பதில்: வணக்கங்க. மொதல்ல ரெண்டாவது கேள்விக்கு வரேன், அதுதான் அவசரம். மாத்தாதீங்க. டெக்னீசியன் அண்ணன்கிட்ட ஒரு ஸ்க்ரூ கூட இனிமே தொடவேணாம்னு சொல்லிடுங்க, கழட்டுன வால்வு நாலையும் எந்த சாக்கெட்ல இருந்து எடுத்தாங்கன்னு எழுதி தனித்தனியா சுத்தி வைங்க, செட்டை திரும்ப ஆன் பண்ணவே வேணாம். உங்க கேஸுக்கு சாட்சியே அந்தப் பெட்டிதான், இன்னிக்கு டிரான்ஸ்பார்மரை மாத்திட்டா நாளைக்கு அவர் "நான் குடுத்தது ஒரிஜினல், இவங்களே கழட்டி வித்துட்டாங்க"ன்னு சொல்லுவார், அதுக்கு உங்ககிட்ட பதில் இருக்காது. இன்னொண்ணு, இந்த மாதிரி செட்ல உள்ள 400 வோல்ட்டுக்கு மேல ஓடும், ப்ளக்கை பிடுங்குனப்புறமும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், அடியில மூடுற தகட்டைக் கழட்டி வச்சிருந்தா அதை மட்டும் இன்னிக்கே அண்ணனை மூடிடச் சொல்லுங்க, வீட்ல குழந்தைங்க இருந்தா ரொம்ப முக்கியம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். கடைக்காரர் சொல்ற "பழைய பொருள்"ங்கறதுல பாதி நியாயம் இருக்கு, அதை நீங்க ஒத்துக்கணும். ஸ்டீரியோ 70 மார்க்கெட்டுக்கு வந்தது 1959ல, அதுல கெப்பாசிட்டர் காஞ்சு போறது, பயாஸ் (வால்வுல ஓடுற கரண்ட்டை கட்டுல வைக்கிற வோல்டேஜ்) குடுக்கிற செலினியம் ரெக்டிஃபையர்ங்கிற பாகம் வீக் ஆகறது, கொஞ்சம் ஹம்னு இரைச்சல் வர்றது, இதெல்லாம் வயசுல வர்ற கோளாறு. பிளேட் சிவக்கிறது பெரும்பாலும் பயாஸ் போனதால, இல்லன்னா கப்ளிங் கெப்பாசிட்டர் லீக் ஆனதால வரும், வெறும் அதை மட்டும் வச்சு நீங்க கேஸ் போட்டிருந்தா நான் யோசிச்சிருப்பேன், "ஃபுல் சர்வீஸ்"னு அவர் சொன்னது ஒண்ணுதான் அங்க கைகுடுக்கும். ஆனா உங்க பிரச்சனை அது இல்லீங்க. அவர் எதுன்னு பேர் சொல்லி வித்தாரோ அந்தப் பொருளே அது இல்ல. நம்ம கிருஷ்ணகிரி மண்டியில மல்கோவான்னு சொல்லி காசு வாங்கிட்டு கூடையில பெங்களூராவை வச்சுக் குடுத்தா, பழம் அழுகல இனிப்பா இருக்குன்னு சொல்லி தப்பிக்க முடியுமா?

சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 15 இதைத்தான் சொல்லுது, வர்ணனை சொல்லி வித்தா பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்து இருக்கணும், அது அந்த ஒப்பந்தத்தோட அடிப்படை. அதே சட்டத்துல பிரிவு 16 தரம் பத்திப் பேசுது, வாங்குறவர் முன்னாடியே பரிசோதிச்சுப் பாத்திருந்தா, அந்தப் பரிசோதனையில தெரிஞ்சிருக்க வேண்டிய குறையைப் பத்தி அப்புறம் பேசக்கூடாதுன்னு அங்க ஒரு விலக்கு உண்டு. எதிர்தரப்பு வக்கீல் இதைத்தான் எடுப்பார், "கடைக்கு வந்து கேட்டுட்டுத்தானே வாங்குனீங்க"ன்னு. அந்த விலக்கு தரம் பத்தினதுக்கு மட்டும்தான், வர்ணனைக்குப் பொருந்தாது, மூடிபோட்ட டிரான்ஸ்பார்மர் உள்ள யார் சுத்துன கம்பின்னு பத்து நிமிஷம் பாட்டு கேட்டா தெரியவும் போறதில்ல. "நோ ரிட்டர்ன்"ங்கிறது பணம் குடுக்கறதுக்கு முன்னாடி சொன்னதா, அப்புறம் சொன்னதான்னு சாட்டை மேல தள்ளிப் பாருங்க. அப்புறம் சொன்னதுன்னா அது உங்க ஒப்பந்தத்துலயே இல்ல. முன்னாடியே சொல்லியிருந்தாலும் வயசுக் கோளாறுக்கு வேணா அது கவசமா இருக்கும், "ஒரிஜினல் முல்லார்ட்"ங்கிற வார்த்தையை அழிக்காது.

இந்த முல்லார்ட் விஷயத்துல ஒரு நுணுக்கம் இருக்கு, கவனமா கேளுங்க. முல்லார்ட்ங்கிற பேர்ல இன்னிக்கும் புது வால்வு விக்கிறாங்க, ரஷ்யாவுல தயாராகுது, பெட்டியிலயும் கண்ணாடியிலயும் முல்லார்ட்னே அச்சடிச்சிருக்கும், அதுல தப்பு ஒண்ணும் இல்ல. அதனால அவர் சும்மா "முல்லார்ட் வால்வு"ன்னு மட்டும் எழுதியிருந்தா நாம மாட்டிக்குவோம். "ஒரிஜினல் இங்கிலாந்து"ன்னு சேத்து எழுதினார் பாருங்க, அந்த ரெண்டு வார்த்தையிலதான் உங்க கேஸ் நிக்குது. இங்கிலாந்துல முல்லார்டோட பழைய பிளாக்பர்ன் ஃபாக்டரி வால்வுல கண்ணாடி அடிப்பக்கம் சின்னதா ரெண்டு வரி குறியீடு பொறிச்சிருக்கும், இஎல்34க்கு எக்ஸ்எஃப்னு ஆரம்பிக்கிற ஒரு வரி, அதுக்குக் கீழ பி எழுத்தோட தேதிக் குறியீடு. மேல இருக்கிற வெள்ளை எழுத்தை யாரும் அச்சடிக்கலாம், பொறிச்ச குறியீடுதான் பேசும், நாலு வால்வையும் அந்த இடத்துல க்ளோசப்ல போட்டோ எடுங்க, குறியீடு இல்லன்னா இல்லாததையே போட்டோ எடுங்க. டிரான்ஸ்பார்மருக்கு அவர் "அது எக்ஸ்போர்ட் மாடல் (அமெரிக்காவுக்கு வெளிய விக்கறதுக்குன்னு செஞ்சது), அதான் 230 வோல்ட்"னு சொல்லிப் பாக்கலாம், அதனால டெக்னீசியன் அண்ணன் புது வார்னிஷ், இன்சுலேஷன் பேப்பர், வயர் கலர் இப்படி கண்ணால பாத்ததை எழுதி, தன்னோட அனுபவம் எவ்வளவுன்னும் போட்டு பிரமாண வாக்குமூலமா குடுக்கணும். வாய்ல சொன்னது பத்தாது.

எங்க போறதுன்னா, கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்க. கடை கர்நாடகாவுல இருக்கேன்னு பயப்படாதீங்க, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34 படி வாங்குனவர் குடியிருக்கிற இடத்துலயே போடலாம், பழைய 1986 சட்டத்துல இந்த வசதி இல்ல. குடுத்த பணம் 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையம்தான், 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, ஆன்லைன்லயும் போடலாம், வக்கீல் இல்லாம நீங்களே நடத்தலாம், வீடியோ கான்ஃபரன்ஸ்ல விசாரணை கேக்கவும் வழி இருக்கு. நீங்க வீட்ல பாட்டு கேக்க வாங்குனீங்க, திரும்ப விக்க இல்ல, அதனால நீங்க நுகர்வோர். அவர் இதையே தொழிலா செய்யற கடைக்காரர், அதனால வியாபாரி. (இதுவே யாராவது ரிட்டயர்ட் ஆன ஒருத்தர் தன் வீட்டுச் செட்டை ஒரு தடவை வித்திருந்தா இந்த ஆணையத்துல நிக்கறது கஷ்டம், சிவில் கோர்ட்டுக்கோ மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமா லோக் அதாலத்துக்கோதான் போகணும்.)

பில் குடுக்காதது உங்க பலவீனம்னு நினைச்சிட்டு இருக்கீங்க, உண்மையில அது அவரோட குத்தம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பிரிவு 2(47)ல நேர்மையற்ற வணிக முறைன்னு வர்றதுல பில் தராததும் ஒண்ணு, தரத்தைப் பத்தி பொய் சொல்றதும் ஒண்ணு, குறையுள்ள பொருளை திரும்ப எடுக்க மறுக்கறதும் ஒண்ணு. அந்தக் கடைசி விஷயத்துல பில்லுல காலம் எதுவும் போடலன்னா 30 நாள்னு கணக்கு. உங்களுக்கு 23 நாள் ஆச்சு, அதனால இந்த வாரமே நோட்டீஸ் போயிடணும். கேஸ் போட 2 வருஷம் இருக்கு, ஆனா நோட்டீஸுக்கு அந்த சாவகாசம் எடுக்காதீங்க, சும்மா வச்சுக்கிட்டு இருந்தா பொருளை ஏத்துக்கிட்டீங்கன்னு ஆயிடும், அப்புறம் நஷ்டஈடு கேக்கலாமே தவிர திருப்பிக் குடுக்கற உரிமை கையவிட்டுப் போயிடும்.

நோட்டீஸ்ல என்ன கேக்கறதுங்கறதை எழுதறதுக்கு முன்னாடி வீட்ல உக்காந்து ஒரு முடிவு எடுங்க, உங்களுக்கு அந்த ஆம்ப் வேணுமா வேணாமா. நான் இதைக் கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. ஸ்டீரியோ 70ல சத்தத்தோட அழகு முக்கியமா ரெண்டு அவுட்புட் டிரான்ஸ்பார்மர்ல இருக்கு, ஏ-470ன்னு நம்பர், அது ரெண்டும் நிஜமாவே ஒரிஜினலா இருந்து நல்லா இருந்தா, அந்த மாதிரி செட்டை விட்டுட்டு வேற தேடறது சுலபம் இல்ல. ரெண்டு வாரம் சந்தோஷமா கேட்டோம்னு எழுதியிருக்கீங்க, அதுக்கும் ஒரு மதிப்பு இருக்குங்க. வச்சுக்கறதுன்னா சொன்ன பொருளுக்கும் குடுத்த பொருளுக்கும் உள்ள விலை வித்தியாசம், நல்ல பவர் டிரான்ஸ்பார்மர் செலவு, மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கேக்கலாம். வேணாம்னா முழுப் பணமும் போக்குவரத்துச் செலவும். ரெண்டையும் கலந்து கேட்டா ஆணையத்துல குழப்பம்தான் வரும். ஏ-470 ரெண்டும் ஒரிஜினல்னு அண்ணன் உறுதியா சொன்னா நான் வச்சுக்கற பக்கம்தான் சொல்லுவேன், இல்லன்னா யோசிக்காம திருப்பிக் குடுத்துடுங்க.

போலீஸ் விஷயம். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்தது) பிரிவு 318(4) ஏமாத்திப் பணம் வாங்கறதுக்கு 7 வருஷம் வரைக்கும் தண்டனை சொல்லுது, ஆனா ஆரம்பத்துலயே ஏமாத்தணும்ங்கிற எண்ணம் இருந்துச்சுன்னு காட்டணும். வால்வைப் பத்தி "என்கிட்ட வித்தவன் என்னை ஏமாத்திட்டான்"னு அவர் சொல்லுவார், டிரான்ஸ்பார்மர்ல அப்படிச் சொல்ல முடியாது, ஏன்னா ஃபுல் சர்வீஸ் பண்ணேன்னு அவரே எழுதியிருக்கார், திறந்து பாத்தவருக்குத் தெரியாம இருக்காது. இருந்தாலும் இப்ப போகாதீங்க, சிவில் தகராறுன்னு சொல்லி அனுப்பிடுவாங்க, மாசக்கணக்குல அங்க அலைஞ்சா நோட்டீஸ் வேலை நின்னுடும்.

வாட்ஸ்அப் சாட்டை அழிச்சிடாதீங்க, ஸ்க்ரீன்ஷாட் போதும்னு போனை மாத்திடவும் வேணாம், பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புது சாட்சியச் சட்டம்) பிரிவு 63 படி சான்றிதழோட தாக்கல் பண்ண அந்தப் போனே வேணும். விளம்பரத்தை அவர் எடுக்கறதுக்குள்ள தேதி தெரியற மாதிரி இன்னிக்கு ராத்திரியே சேவ் பண்ணுங்க. நோட்டீஸை ஸ்பீட் போஸ்ட்ல ஒப்புகையோட அனுப்பி, அதே காப்பியை வாட்ஸ்அப்லயும் போட்டு 15 நாள் டைம் குடுங்க.

நோட்டீஸ் போனதும் பெரும்பாலும் போன் வரும், "செட்டை கொண்டு வந்து குடுத்துட்டுப் போங்க, பாத்து செய்யறேன்"னு. குடுத்துடாதீங்க. சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 43 படி வேணாம்னு தெரிவிச்சாலே போதும், தூக்கிட்டுப் போய் சேக்கற கடமை உங்களுக்கு இல்ல. பணம் அக்கவுண்ட்ல ஏறினப்புறம், அவரோ அவர் ஆளோ காவேரிப்பட்டணம் வந்து எடுத்துக்கட்டும், எடுக்கும்போது சீரியல் நம்பரும் வால்வு நாலும் தெரியற மாதிரி வீடியோ எடுத்து, பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்து வாங்கிக்குங்க.